புதியதெல்லாம் புதியதன்று



இப்பகுதிக்கு மாதந்தோறும் வரும் மடல்களில் பெரும்பாலானவை பிள்ளைகளின் படிப்பைப் பற்றியவை. எந்தப் பாடத்தில் சேர்ப்பது, எந்தக் கல்லூரியை நாடுவது, கட்டணத்திற்கு எங்கே போவது என்பனவே முன்பெல்லாம் வினாக்களாக இருந்தன. இப்போது அவற்றோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 'கல்லூரியில் மடிக்கணினி கேட்கிறார்கள்; எதை வாங்குவது?' என்பதே அது. இதனை நாம் பலமுறை ஒதுக்கி வைத்தோம். கடைக்காரர் விடை கூறவேண்டிய வினா அல்லவா இது என்று எண்ணினோம். ஆனால் திருச்சிக்கு அருகேயுள்ள ஒரு கிராமப் பங்கிலிருந்து ஒரு தாய் எழுதிய மடல் நம் எண்ணத்தை மாற்றிவிட்டது.

அவருடைய கணவர் கொத்தனார். அவர் வீட்டிலிருந்தபடியே தையல் வேலை செய்கிறார். மூத்த மகள் ஒரு தனியார் கல்லூரியில் பி.காம். வகுப்பில் சேர்ந்திருக்கிறாள், விடுதியில் தங்கிப் படிக்கவேண்டும். மடிக்கணினிக்கென்று இரண்டாண்டுகள் சீட்டுக் கட்டிச் சேர்த்த 30,000 ரூபாய் கையில் இருக்கிறது. சென்னையில் வேலை பார்க்கும் அவருடைய தம்பி, புதியவை விற்கும் கடைகளிலும், பழைய கணினிகளுக்குப் பெயர்பெற்ற ரிச்சி தெருவிலும் விசாரித்து, நான்கு மடிக்கணினிகளின் விவரத்தைக் குறித்து அனுப்பியிருக்கிறார்.

முதலாவது, புத்தம் புதியது. செலரான் என்-4500 என்னும் செயலி கொண்டது. விலை 29,000 ரூபாய். இரண்டாவது, ஒரு நிறுவனத்தில் பயன்படுத்திய பின் செப்பனிட்டு விற்கப்படுவது. ஐ7-6600யூ என்னும் செயலி. நினைவகம் 16 ஜி.பி.; விலை 20,000. மூன்றாவதும் அவ்வாறே செப்பனிட்டது, செயலி ஐ5-8250யூ, நினைவகம் 8 ஜி.பி.; விலை 22,000. நான்காவது, புதியது, செயலி ஐ3-1215யூ, நினைவகம் 8 ஜி.பி.; விலை 41,000.

இனி அத்தாயின் சொற்களையே கேளுங்கள்:

"புதியதைத்தான் வாங்கவேண்டும் என்கிறார் மகளின் பெரியப்பா. பழையதைக் கொண்டுபோனால் விடுதியில் மற்றப் பிள்ளைகள் ஏளனம் செய்வார்களாம். என் தம்பியோ, ஐ7 என்றால் எல்லாவற்றிலும் பெரியது, அதுவும் விலை குறைவாகக் கிடைக்கிறது என்கிறான். என் தோட்டை அடகு வைத்தால் 41,000 ரூபாய்ப் புதியதையே வாங்கிவிடலாம். அந்தத் தோடு இதற்குமுன் இரண்டு தடவை அடகுக்கடைக்குப் போய் வந்தது. மகளைக் கேட்டால், 'எதுவானாலும் சரி அம்மா' என்கிறாள். அவள் கேட்டு அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வருத்தம் இராது."

இது கடைக்காரர் விடை கூறும் வினா அன்று என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

நம் வீட்டில் நடந்த பிழை

பிறருக்கு அறிவுரை கூறுமுன் நம் பிழையை ஒப்புக்கொள்ளுவது முறை. 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றின்போது பள்ளிகள் மூடப்பட்டு, வகுப்புகள் கணினி வழியே நடைபெற்றன. நம் இளைய மகனுக்காக நாமும் மடிக்கணினி தேடினோம். அலுவலகம் ஒன்றில் பணிபுரிந்த நண்பர், தம் நிறுவனம் கழித்துவிடும் இயந்திரங்களுள் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கித் தருவதாகச் சொன்னார். "யாரோ மூன்றாண்டு அடித்துப் பழகியதைப் பிள்ளைக்குக் கொடுப்பதா?" என்று நாம் மறுத்துவிட்டோம். கடைக்குச் சென்று, உறை பிரிக்காத புதியதொன்றை வாங்கினோம். அதன் நினைவகம் 4 ஜி.பி.; சேமிப்பு இடம் 64 ஜி.பி.; அதுவும் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்ட வகை. இவற்றின் பொருள் அன்று நமக்குத் தெரியாது. பளபளப்பு மட்டுமே தெரிந்தது.

ஆறு மாதத்தில் விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள இடமின்றித் திணறியது. பாடம் நடக்கும்போதே திரை உறைந்து நிற்கும். ஆசிரியர் பெயர் சொல்லி அழைப்பார். மகன் இங்கிருந்து விடை சொல்லுவான். அது அங்கே போய்ச் சேராது. அவன் கவனமின்றி இருக்கிறான் என்று எண்ணி நாமும் இருமுறை கடிந்துகொண்டோம். குற்றம் அவனிடம் இல்லை, நம் தேர்வில் இருந்தது என்பதைப் பழுது பார்ப்பவர் சொல்லித்தான் அறிந்தோம். நினைவகத்தைக் கூட்டவும் வழியில்லை. சேமிப்பகத்தை மாற்றவும் வழியில்லை. நாம் மறுத்த அந்தப் பழைய இயந்திரத்தை நண்பர் தம் மகளுக்கு வைத்துக்கொண்டார். அவள் அதிலேயே பள்ளிப் படிப்பை முடித்தாள். நம் புதியதோ இரண்டாம் ஆண்டிலேயே பரண் ஏறிவிட்டது.

அந்த அனுபவத்திலிருந்து நாம் கற்றது ஒன்றே. மடிக்கணினியின் வயதை அதன் உறையைக்கொண்டு அறிய முடியாது. இன்று வாங்கியது என்பதால் அது இன்றைய இயந்திரம் ஆகிவிடாது. ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்தியது என்பதால் அது காலம் கடந்ததும் ஆகிவிடாது.

எண்ணுக்குள் இருக்கும் வயது

அப்படியாயின் வயதை எங்கே காண்பது? செயலியின் எண்ணில் காணலாம். கடைக்காரர் 'ஐ3', 'ஐ5', 'ஐ7' என்று சொல்லுவது ஒரு குடும்பத்தில் மூத்தவர், நடுவர், இளையவர் என்று சொல்லுவதைப் போன்றது. அது எந்தத் தலைமுறைக் குடும்பம் என்பதைச் சொல்லாது. தலைமுறையைக் காட்டுவது அதன் பின்வரும் எண்ணே. ஐ7-6600யூ என்பதில் 6 ஆறாம் தலைமுறையைக் குறிக்கும். அது 2015இல் வெளிவந்தது. ஐ5-8250யூ என்பது எட்டாம் தலைமுறை, 2017இல் வந்தது. ஐ5-1135ஜி7 என்பதில் 11 தலைமுறையைக் காட்டும். அது 2020இல் வந்தது. ஐ3-1215யூ பன்னிரண்டாம் தலைமுறை, 2022ஆம் ஆண்டினது. 2023இன் இறுதியிலிருந்து இன்டெல் நிறுவனம் புதிய செயலிகளுக்கு வேறு வகையில் பெயர் சூட்டத் தொடங்கியது. ஆயினும் நம் குடும்பங்களின் கைக்கு எட்டும் விலையில் கிடைப்பவற்றுள் மிகுதியானவை இந்தப் பழைய முறையில் எண்ணிடப்பட்டவையே.

இந்த எண்ணைப் படிக்கக் கற்றால், அத்தாயின் தம்பி எங்கே ஏமாறவிருந்தார் என்பது விளங்கும். ஆறாம் தலைமுறை ஐ7-6600யூ செயலிக்குள் வேலை செய்யும் கருக்கள் இரண்டு மட்டுமே. எட்டாம் தலைமுறை ஐ5-8250யூ செயலிக்குள் நான்கு இருக்கின்றன. 'ஏழு' என்னும் பெயர் பெரியது. உள்ளே உள்ள ஆற்றல் சிறியது. வயதான அண்ணனைவிட வளர்ந்த தம்பி வலியவனாக இருப்பதில் வியப்பென்ன?

புதியவற்றிலும் இதே மயக்கம் உண்டு. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 7520யூ என்னும் செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நிற்கும் 7 என்பது 2023ஆம் ஆண்டின் வரிசையைக் குறிக்கும். ஆனால் மூன்றாவதாக நிற்கும் 2 என்பதே அதன் உள்கட்டமைப்பைச் சொல்லும். அக்கட்டமைப்பு 2019இல் முதன்முதல் வெளிவந்தது. இதனால் அது கெட்ட செயலி என்று நாம் சொல்லவில்லை. எளிய வேலைக்குப் போதுமானதே. எனினும் பழைய அரிசியைப் புதுச் சாக்கில் கட்டி விற்கும்போது, அரிசி பழையது என்று அறிந்து வாங்கவேண்டும். அவ்வளவே.

முதலாவதாகச் சொல்லப்பட்ட செலரான் என்-4500 செயலி 2021இல் வந்தது. வயதில் மற்ற இரண்டு பழையவற்றைவிட இளையது. ஆயினும் அது குறைந்த விலை இயந்திரங்களுக்கென்றே அமைக்கப்பட்டது, கருக்கள் இரண்டே. கணக்குப் பதிவு ஒருபுறம், இணையப் பக்கங்கள் மறுபுறம், ஆசிரியரின் காணொலி வகுப்பு இன்னொருபுறம் என்று மூன்றைத் திறந்தால் மூச்சு வாங்கும். 29,000 ரூபாய்க்கு அவர்கள் பெறவிருந்தது புதுமையன்று, புது உறை.

விண்டோஸ் வைத்த எல்லைக்கல்

பழையதே நல்லது என்று இதுவரை படித்தவர்கள் முடிவு செய்துவிட வேண்டா. பழமைக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கல்லை நட்டது மைக்ரோசாஃப்ட் நிறுவனம்.

2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வெளிவந்தபோது, இன்டெல் செயலிகளுள் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையும் அதற்குப் பின்வந்தவையுமே அதற்குத் தகுதியுடையவை என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தியவை விண்டோஸ் 10 அளவிலேயே நின்றுவிட்டன. அந்த விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவடைந்தது. தனியே பதிவு செய்துகொள்ளுவோர்க்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்று ஓராண்டு நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. மூன்றாண்டுப் படிப்புக்கு ஓராண்டு நீட்டிப்பு எம்மட்டு?

பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன கணினி உடனே நின்றுவிடுவதில்லை, ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் பூட்டுக் கெட்ட வீட்டில் குடியிருப்பதைப் போன்றது அது. வங்கிக் கணக்கையும், தேர்வுக் கட்டணத்தையும், சான்றிதழ்களையும் அத்தகைய வீட்டில் வைப்பது அறிவுடைமையாகாது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ஆறாம், ஏழாம் தலைமுறை இயந்திரங்களை விற்போர் சிலர், "விண்டோஸ் 11 போட்டே தருகிறோம்" என்பார்கள். தகுதியில்லாத இயந்திரத்திலும் குறுக்குவழியில் அதனை ஏற்றிவிட முடியும். ஆனால் அவ்வாறு ஏற்றப்பட்டவற்றுக்குத் திருத்தங்கள் கிடைக்கும் என்னும் உறுதியை மைக்ரோசாஃப்ட் அளிக்கவில்லை. ஆகவே திரையில் தெரியும் விண்டோஸ் 11ஐப் பார்த்து நம்பாமல், செயலியின் எண்ணைப் பார்த்து நம்புங்கள். 'பிசி ஹெல்த் செக்' என்னும் மைக்ரோசாஃப்டின் இலவசச் செயலியை ஓட்டினால், அந்த இயந்திரம் தகுதி உடையதா இல்லையா என்று அதுவே சொல்லிவிடும்.

இந்த எல்லைக்கல்லை வைத்துப் பார்த்தால், 20,000 ரூபாய் ஐ7 தானாகவே விலகிவிடுகிறது. 22,000 ரூபாய் ஐ5 எல்லையின் இப்புறம் நிற்கிறது. ஆனால் எல்லையை ஒட்டியே நிற்கிறது. அடுத்த முறை கல்லை நகர்த்தினால் முதலில் வெளியே தள்ளப்படுவது அந்த எட்டாம் தலைமுறையாகவே இருக்கக்கூடும்.

ஆண்டுக் கணக்கு

நாம் அத்தாய்க்கு எழுதிய விடையில் ஒரு சிறு கணக்கைப் போட்டுக் காட்டினோம். எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது நம் மதிப்பீடே. ஆயினும் தராசில் எல்லாவற்றையும் ஒரே முறையில் நிறுத்தோம்.

29,000 ரூபாய்ச் செலரான், மூன்றாண்டுப் படிப்பை எப்படியோ இழுத்து முடிக்கும் என்று கொள்ளுவோம். ஆண்டுக்கு ஏறக்குறைய 9,700 ரூபாய் ஆகிறது. எட்டாம் தலைமுறை ஐ5க்கு 22,000 ரூபாயோடு புதிய பேட்டரிக்கென்று 3,500 ரூபாய் சேர்த்தால் 25,500. நான்காண்டு உழைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,400. புதிய ஐ3க்கு 41,000 ரூபாயோடு இடையில் ஒரு பேட்டரியும் சேர்த்து 44,500. ஆறாண்டு உழைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 7,400.

இந்தக் கணக்கு இரண்டு உண்மைகளைச் சொல்லுகிறது. ஒன்று, மலிவான புதியதே எல்லாவற்றிலும் விலை மிகுந்தது. மற்றொன்று, நல்ல புதியதும் நல்ல பழையதும் ஆண்டுக் கணக்கில் அதிகம் வேறுபடவில்லை. ஆகவே கையில் 41,000 ரூபாய் வைத்திருப்பவர் புதியதை வாங்கினால் அது ஊதாரித்தனம் ஆகாது. உத்தரவாதம் உண்டு, பேட்டரி புதியது, எல்லைக்கல்லிலிருந்து தொலைவில் நிற்கிறது. ஆனால் கையில் 30,000 வைத்திருப்பவர், இன்னும் விடுதிக்கும் பருவக் கட்டணத்திற்கும் பணம் தேடவேண்டியவர், அந்த வேறுபாட்டுக்காகத் தோட்டை அடகு வைக்கவேண்டிய அவசியம் இல்லை. வட்டி கட்டி வாங்கும் அளவுக்கு அந்தப் புதுமையில் பெறுமானம் இல்லை.

அதோடு, அவர் மகள் செய்யப்போகும் வேலையையும் எண்ணிப் பார்க்கச் சொன்னோம். வணிகவியல் மாணவிக்கு வேண்டியவை கணக்கு ஏடுகள், எக்செல் அட்டவணைகள், டாலி, இணையம், காணொலி வகுப்பு ஆகியவை. டாலி விண்டோசில் ஓடும். அதற்குப் பெரிய ஆற்றல் தேவையில்லை. கட்டட வரைபடம், படத்தொகுப்பு, முப்பரிமாண வடிவமைப்பு ஆகியவற்றைப் பயில்வோரின் நிலை வேறு. அவர்கள் தங்கள் துறை ஆசிரியரைக் கேட்காமல் எதையும் வாங்கலாகாது.

இறுதியாக, அந்த நான்கிலும் இல்லாத ஐந்தாவது ஒன்றைத் தேடுமாறு எழுதினோம். பழையதைத்தான் வாங்கவேண்டும் என்றால், 30,000 ரூபாய்க்குள் கிடைக்கக்கூடிய மிகக் குறைந்த பழமையை வாங்குங்கள் என்றோம். நிறுவனங்கள் மூன்று நான்காண்டுக்கு ஒருமுறை தங்கள் இயந்திரங்களை மொத்தமாகக் கழிப்பது வழக்கம். ஆகவே 2021, 2022ஆம் ஆண்டுகளில் வாங்கப்பட்ட பதினோராம் தலைமுறை இயந்திரங்களும் செப்பனிடும் கடைகளுக்கு வந்துவிட்டன. திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் போன்ற அலுவலக வரிசைகள் உறுதிக்காகச் செய்யப்பட்டவை. உதிரிப் பாகங்களும் எளிதில் கிடைப்பவை. அவை கிடைக்காவிட்டால் எட்டாம் தலைமுறையை எடுத்துக்கொண்டு, மீதிப் பணத்தைப் பேட்டரிக்கும் பழுதுக்கும் வைத்திருங்கள் என்று முடித்தோம்.

கடைக்குள் கவனிக்க வேண்டியவை

பழையதை வாங்குவோர் மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கும் பெரியவரைப் போல நடந்துகொள்ள வேண்டும். கூச்சப்பட்டால் இழப்பு நமக்கே.

முதலில் நினைவகம். 8 ஜி.பி.க்குக் குறைவானதை இன்று வாங்கலாகாது. பின்னர் கூட்டிக்கொள்ள இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். சில இயந்திரங்களில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். 2018ஆம் ஆண்டின் திங்க்பேட் டி480 போன்றவற்றில் கழற்றி மாட்டும் இடங்கள் இரண்டு உண்டு. 2025இன் பிற்பகுதியில் நினைவகத்தின் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. ஆகவே 'பிறகு மலிவாகக் கூட்டிக்கொள்ளலாம்' என்னும் நம்பிக்கையில் 4 ஜி.பி. வாங்கவேண்டா.

இரண்டாவது, சேமிப்பகம். அது எஸ்.எஸ்.டி. ஆகவே இருக்கவேண்டும். சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள இயந்திரம் எவ்வளவு நல்ல செயலி கொண்டிருந்தாலும் மாட்டு வண்டியில் பூட்டிய குதிரை ஆகிவிடும். 256 ஜி.பி. ஒரு மாணவிக்குப் போதும்.

மூன்றாவது, பேட்டரி. அது செய்யப்பட்டபோது இருந்த கொள்ளளவையும், இன்று முழுமையாக ஏற்றினால் நிற்கும் கொள்ளளவையும் காட்டும் அறிக்கை விண்டோசுக்குள்ளேயே உண்டு. கடைக்காரரை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். நூற்றுக்கு 80 இருந்தால் நன்று; 60க்குக் கீழே போனால் புதிய பேட்டரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள்.

நான்காவது, பூட்டு. அலுவலக இயந்திரங்களில் பழைய நிறுவனத்தின் கட்டுப்பாடு நீக்கப்படாமலே விற்பனைக்கு வந்துவிடுவது உண்டு. விண்டோசை முதலிலிருந்து புதிதாக அமைக்கச் சொல்லி, இணையத்தோடும் இணைக்கச் சொல்லுங்கள். அப்போது ஏதேனும் நிறுவனத்தின் பெயரையும் அதன் மின்னஞ்சலையும் அது கேட்டால், அந்த இயந்திரம் இன்னும் அந்நிறுவனத்துக்கே உரியது என்று பொருள். விலை எவ்வளவு குறைந்தாலும் தொடவேண்டா. இயந்திரத்தை முடுக்கும்போதே கடவுச்சொல் கேட்பவையும் அவ்வாறே.

ஐந்தாவது, கண்ணும் கையும். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து திரையில் கறை உண்டா என்று பாருங்கள். 1366க்கு 768 என்னும் பழைய அளவுத் திரையைத் தவிர்த்து, 1920க்கு 1080 உள்ளதைக் கேளுங்கள். எக்செல் அட்டவணை பார்க்கும் கண்களுக்கு அது பெரிய உதவி. எல்லா விசைகளையும் அழுத்துங்கள். மடிப்புக் கீல்களை மூடித் திறங்கள். கேமரா, ஒலி, வைஃபை, செருகுமிடங்கள் அனைத்தையும் சோதியுங்கள். இறுதியாக, வரிசை எண் குறித்த ரசீதும் எழுத்தில் உத்தரவாதமும் இல்லாமல் பணத்தைக் கொடுக்கவேண்டா.

இவ்வளவையும் சோதிக்கத் தெரிந்தவர் யாரும் உடன் இல்லையென்றாலோ, பழுது பார்க்கும் கடையே எட்டாத இடத்தில் பிள்ளை தங்கப்போகிறான் என்றாலோ, பழையதை நாடாமல் புதியதற்குச் சில மாதங்கள் காத்திருந்து சேமிப்பதே நலம். அரசுக் கல்லூரிகளில் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர் வாங்குமுன் கல்லூரி அலுவலகத்தில் ஒருமுறை விசாரிக்கட்டும். 2011இல் தமிழ்நாட்டில் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. மேலும், 2025-26ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. வரவிருப்பதை அறியாமல் கடன்பட்டு வாங்கியவர்களை நாம் கண்டிருக்கிறோம்.

மகளிடம் சொல்ல வேண்டியது

இவையெல்லாம் இயந்திரத்தைப் பற்றியவை. அத்தாயை வருத்தியதோ இயந்திரம் அன்று, மகளின் மௌனம். ஆகவே மடலின் இறுதியில் இவ்வாறு எழுதினோம்:

"அன்புச் சகோதரி, 'எதுவானாலும் சரி' என்று உங்கள் மகள் சொல்லுவது அவளுக்கு ஆசை இல்லாததால் அன்று. வீட்டின் நிலை தெரிந்த பிள்ளை அவள். அவளிடமிருந்து கணக்கை மறைத்துவிட்டுப் பரிசை மட்டும் கொடுத்தால், உங்கள் காதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் மனம் வருந்தும். சீட்டுப் பணம் எவ்வளவு, கட்டணம் எவ்வளவு என்பதை அவள்முன் விரித்து வையுங்கள். இந்த மடலையும் அவளே படிக்கட்டும். தம்பியோடு அவளையும் சென்னைக்கு அனுப்புங்கள். தானே சோதித்து, தானே தேர்ந்த பொருளை யார் ஏளனம் செய்தாலும் அவள் தலை குனியமாட்டாள். என்ன விலை, ஏன் வாங்கினோம் என்று அவளால் விடை சொல்ல முடியும்."

மூன்று வாரம் கழித்து அவரிடமிருந்து மறுமடல் வந்தது. மாமனும் மருமகளும் ரிச்சி தெருவுக்குப் போயிருக்கிறார்கள். முதற் கடையில் காட்டிய இயந்திரம் பார்வைக்கு அழகாக இருந்ததாம். விலையும் 24,000 ரூபாய்தானாம். மாமன் பணத்தை எண்ணத் தொடங்கிவிட்டார். மகள்தான் புதிதாக அமைத்துக் காட்டச் சொல்லியிருக்கிறாள். கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே செய்தபோது, யாரோ ஒரு நிறுவனத்தின் பெயர் திரையில் வந்து நின்றிருக்கிறது. "மாமா, இது வேண்டாம்; அடுத்த கடைக்குப் போகலாம்" என்று அவள் எழுந்துவிட்டாள். மூன்றாவது கடையில் பதினோராம் தலைமுறை ஐ5 ஒன்று 28,500 ரூபாய்க்குக் கிடைத்தது. பேட்டரி நூற்றுக்கு 83. ஆறு மாத உத்தரவாதம் எழுத்தில். மேல்மூடியில் ஒரு கீறல் இருக்கிறதாம். மீதியிருந்த 1,500 ரூபாயில் பையும் பென்டிரைவும் வாங்கிக்கொண்டாள்.

"எதுவானாலும் சரி என்று சொன்ன பெண், ஒரு கடையில் 'இது வேண்டாம்' என்று சொன்னாள் எனத் தம்பி சொன்னபோதுதான் என் மனம் ஆறிற்று" என்று அத்தாய் எழுதியிருக்கிறார். தோடு அவர் காதிலேயே இருக்கிறது. விடுதிக்குப் புறப்படுமுன் மகள் அந்த இயந்திரத்தில் முதலாவதாக எழுதிப் பழகியது, அம்மாவின் தையல் வரவு செலவுக் கணக்காம்.

அடுத்த திங்கள் சந்திப்போம்.